செருப்புத் தைத்த கரங்கள்

பழுதுபட்ட செருப்பை வீட்டிலேயே தைத்துக்கொள்ளும் வழக்கம் இன்று அருகிவிட்டது. அது இன்ன குலத்தார்க்கே உரிய வேலை என்னும் எண்ணமோ நம் மண்ணில் இன்னும் அகலவில்லை. இஸ்லாமிய வரலாற்றின் தொடக்க காலத்தில் இவ்வேலை எந்நிலையில் இருந்தது என்பதைக் காண்போம்.

அரபு மொழியில் இதற்குக் 'கஸ்ஃப்' என்று பெயர். தோலின்மீது தோலை வைத்து இணைத்துத் தைத்தல் என்பது பொருள். அதற்கான குத்தூசி 'மிக்ஸஃப்' எனப்படும். ஆதமும் ஹவ்வாவும் சுவனத்து இலைகளை இணைத்துத் தம்மை மறைத்துக்கொண்டதைக் கூறும் இறைவசனமும் (7:22) இதே வேர்ச்சொல்லை ஆள்கிறது.

அக்கால அரபுச் செருப்பு தோலாலான அடியும் வார்களும் கொண்டது. வார் அறுந்தால், அதைச் சீர்செய்யும்வரை மற்றொரு செருப்பை மட்டும் அணிந்து நடக்க வேண்டாம் என்னும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நபிகள் நாயகம் (ஸல்) வீட்டில் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, தம் ஆடையையும் செருப்பையும் தாமே தைத்துக்கொள்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) விடையளித்ததை முஸ்னது அஹ்மதில் காண்கிறோம்.

ஹிஜ்ரி 36இல் (கி.பி. 656) பஸ்ராவை நோக்கிச் சென்ற கலீஃபா அலீ (ரலி), தூகார் என்னுமிடத்தில் தம் செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். இதன் விலை என்ன என்று கேட்க, விலையே இல்லை என்றார் இப்னு அப்பாஸ் (ரலி). நீதியை நிலைநாட்டவோ அநீதியை அகற்றவோ இயலாவிடில், ஆட்சியைவிட இச்செருப்பே தமக்கு உவப்பானது என்று அலீ (ரலி) மொழிந்ததாக நஹ்ஜுல் பலாகா கூறுகிறது.

ஹிஜ்ரி 261இல் (கி.பி. 874-75) பக்தாதில் மறைந்த ஹனஃபி சட்டமேதை அபூபக்ர் அஹ்மத், செருப்புத் தைத்து உண்டவர் என்பர் வரலாற்றாசிரியர். 'அல்-கஸ்ஸாஃப்', அதாவது செருப்புத் தைப்பவர், என்றே அவர் புகழ்பெற்றார். கலீஃபா முஹ்ததீயின் மதிப்பைப் பெற்றிருந்தும் அப்பெயர் அவரை விட்டு நீங்கவில்லை. அவருடைய 'அஹ்காமுல் அவ்காஃப்' வக்ஃபுச் சட்டத்தின் மூலநூல்களுள் ஒன்று.

அங்கே பேரறிஞரின் சிறப்புப் பெயராய் விளங்கிய தொழில், இங்கே வசைமொழியானது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் வணிகத்தால் வளம்பெற்ற சமுதாயம் நம்முடையது. தெருமுனையில் குத்தூசியுடன் அமர்ந்திருப்பவரை நாம் எச்சொல்லால் அழைக்கிறோம், அவர்க்கு எத்தகைய மரியாதை தருகிறோம் என்பதை இவ்வரலாற்றின் முன் வைத்து எண்ணிப் பார்ப்பது நம் கடமை.