காடும் உலைக்களமும்: ஒரு யப்பானியச் சித்திரத் திரைப்படத்திற் பெண்கள்

பெண்ணையும் இயற்கையையும் ஒன்றெனக் காணும் சூழலியற் பெண்ணியர், ஹயாவோ மியாசாக்கியின் 'இளவரசி மொனொனொகே' (1997) திரைப்படத்தைச் சான்றாகக் கொள்ள இடமுண்டு. ஓநாய்த் தெய்வம் வளர்த்த சான் காட்டிற்காகப் போராடுகிறாள். ஆயின், காட்டை அழிக்கும் எபோஷியும் பெண்ணே என்பதை நாம் மறத்தலாகாது.

படத்தின் களம் முரொமாச்சிக் காலம் (1336–1573). அக்கால இரும்புருக்கலுக்கு இரும்பு மணலும் மரக்கரியும் வேண்டும். உலை எரியக் காடு அழிய வேண்டும். பரத்தையர் விடுதிகளிலிருந்து எபோஷி விலைகொடுத்து மீட்ட பெண்களே துருத்தியை மிதிக்கின்றனர். உழைப்பு அவர்களுக்கு விடுதலையளித்தது. அவ்விடுதலையோ காட்டின் அழிவில் நின்றது. அவ்விரும்பைக் கவர நிலப்பிரபுவின் சாமுராய்கள் வருகின்றனர்.

எனவே, இம்முரண்பாட்டின் வேர் பெண்ணியல்பில் அன்று, உற்பத்தி உறவுகளிலேயே உள்ளது என்பது எமது கருத்து. துருத்தி மிதிக்கும் பெண்ணைக் கணக்கிற் கொள்ளாத சூழலியல் முழுமையுடையதாகாது.