சரடு வரைந்த லூட்

லூட் என்ற ஐரோப்பிய நரம்பிசைக் கருவியின் குடம், மெல்லிய மரப்பட்டிகளை வளைத்து ஒட்டி, பாதியாகப் பிளந்த பேரிக்காய் வடிவில் செய்யப்படுவது. கழுத்தில் குடல் நரம்பால் கட்டிய மெட்டுகள். அதன் முனையில் பின்னோக்கி மடங்கிய பிரடைப் பெட்டி. மெட்டுகளின் இடைவெளி குடத்தை நெருங்க நெருங்கக் குறையும். பெர்ஸ்பெக்டிவ் ஓவியத்திலோ தூரத்தில் இருப்பதெல்லாம் சுருங்கும். கழுத்து பார்ப்பவரை நோக்கி நீண்டால் இரண்டு சுருக்கங்களும் சேர்ந்துகொள்ளும். அப்பால் நீண்டால் ஒன்றையொன்று எதிர்க்கும். வெறும் கண்மதிப்பு தடுமாறும் இடம் இது. மரத்துண்டுகளைப் பதித்துப் படம் உருவாக்கிய 15ஆம் நூற்றாண்டு இத்தாலியின் மரப்பதிப்புக் கலைஞர்கள் தங்கள் திறமைக்குச் சான்றாக லூட்டையே விரும்பி எடுத்தனர். குப்பியோ அரண்மனைப் படிப்பறையின் சுவரில் அவர்கள் பதித்த லூட் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பெர்ஸ்பெக்டிவ் வித்தையைக் கற்கப் போலோன்யா போவதாக ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1506இல் வெனிஸிலிருந்து எழுதினார். 1525இல் நியூரம்பெர்க்கில் வெளிவந்த அவருடைய அளவீட்டு நூல், ஓவியர், பொற்கொல்லர், கல்தச்சர், தச்சர் ஆகியோருக்காக லத்தீனைத் தவிர்த்து ஜெர்மன் மொழியில் எழுதப்பட்டது. அதன் இறுதிப் பகுதியில் இருவர் லூட் வரையும் மரச்செதுக்குப் படம் உள்ளது.

சுவரில் அடித்த பெரிய ஊசியின் காதுதான் அங்கே கண். அதன் வழியே ஓடும் சரட்டின் ஒரு முனையில் ஈயக்குண்டு தொங்கும். மறுமுனையில் ஒரு கூர்முனைக் குச்சி. நடுவில் நிமிர்ந்த சட்டம். அதில் கீல் வைத்த கதவு, கதவில் தாள். ஒருவர் குச்சியை லூட்டின் ஒரு புள்ளியில் வைப்பார். சரடு சட்டத்தைக் கடக்கும் இடத்தில் மற்றவர் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு இழைகளை நிறுத்துவார். பிறகு சரட்டை விலக்கி, கதவை மூடி, இழைகள் வெட்டும் இடத்தைத் தாளில் குறிப்பார். இப்படியே புள்ளி புள்ளியாக லூட் உருவாகும்.

இதில் யாரும் எதையும் பார்த்து வரைய வேண்டியதில்லை என்பதே இக்கருவியின் மகத்துவம். கண்ணாடித் தகட்டின் வழியே பார்த்து அதிலேயே வரையும் ஓவியர் கைக்கு எட்டும் தொலைவில் கண்ணை வைத்தாக வேண்டும். ட்யூரரின் ஊசிக்காதோ அறையின் கோடிவரை பின்வாங்கலாம். குறையும் உண்டு. வேலைக்கு இருவர் வேண்டும். கிடைப்பவை புள்ளிகளே, வளைவுகளைக் கைதான் இணைக்க வேண்டும். ட்யூரர் 1528இல் இறந்தார். அவருடைய நூலின் 1538ஆம் ஆண்டு மறுபதிப்பில் மேலும் இரண்டு வரைகருவிகளின் படங்கள் சேர்க்கப்பட்டன.