முள்மரத்துக்கு மெட்லர் தோல்: ஒட்டுக்கலப்பு மரங்களும் அவற்றின் பெயரும்

பாலைக் கன்றின் மேல் சப்போட்டாவை ஒட்டுக்கட்டுவது நம் நாற்றங்கால்களில் அன்றாட வேலை. இரண்டும் ஒரே பேரினம். ஒட்டு பிடித்தபின் வேர் பாலையாகவே இருக்கிறது. கிளை சப்போட்டாவாகவே காய்க்கிறது. ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் அது பாலைத் துளிர்தான், கிள்ளி எறிந்துவிடுகிறோம். மேலும் கீழும் கலந்து மூன்றாவதாக ஒன்று துளிர்க்கும் என்று எந்தத் தோட்டக்காரரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் மிக அரிதாக அப்படித் துளிர்த்திருக்கிறது. துளிர்த்ததை எந்த இனத்தில் சேர்ப்பது என்ற சிக்கலைத் தாவரவியலார் தீர்த்துக்கொள்ள வெகுகாலம் பிடித்தது.

பழமரங்களில் இதற்குச் சிறந்த சான்று பிரான்சின் மெட்ஸ் நகருக்கு அருகே ப்ரோன்வோ என்ற ஊரில் கிடைத்தது. அங்கே தார்தார் என்பவரின் தோட்டத்தில் ஹாத்தார்ன் முள்மரத்தை வேர்ச்செடியாகக் கொண்டு ஒட்டிய பழைய மெட்லர் மரம் ஒன்று நின்றது. இரண்டும் ரோஜாக் குடும்பம். ஆனால் ஹாத்தார்னுக்கு முள் உண்டு, வெட்டுப்பட்ட சிறு இலை, கொத்துப் பூ, சிறிய சிவந்த பழம். மெட்லருக்கு நீண்ட முழு இலை, தனித்தனியே பெரிய பூ. அதன் பழுப்புப் பழம் குழைந்த பிறகுதான் வாய்க்கு இதமாகும். 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், ஒட்டு இருந்த இடத்திலிருந்தே சில புதிய கிளைகள் கிளம்பின. ஒன்று மெட்லர் போலிருந்தும் முள் தாங்கியது, பூக்களைக் கொத்தாக வைத்தது. இன்னொன்று ஹாத்தார்ன் பக்கம் சாய்ந்தாலும் அதன் இலையிலும் தளிரிலும் மெட்லரின் மென்மயிர் படர்ந்திருந்தது. மெட்ஸ் பகுதியின் சிமோன்-லூயி நாற்றங்கால் இவற்றைப் பெருக்கி ஊருலகுக்குக் கொடுத்தது. முதலாவதற்கு 'தார்தாரி' என்றும் இரண்டாவதற்கு 'ழூல் த'அஸ்னியேர்' என்றும் பெயர் வைத்தார்கள்.

இப்படி ஒன்று நிகழ்வது அதுவே முதல்முறை அல்ல. 1644இல் ஃபிளாரன்ஸ் நகரத் தோட்டமொன்றில் நாரத்தை இனத்துச் சிட்ரனும் கசப்பு ஆரஞ்சும் ஒரே பழத்தில் பட்டை பட்டையாகத் தெரியும் 'பிஸ்ஸாரியா' தோன்றியது. பியெத்ரோ நாட்டி 1674இல் அதைப் பற்றி எழுதினார். 1825இல் பாரிஸ் அருகே வித்ரியில் அதாம் என்ற நாற்றங்கால்காரர் மஞ்சள் பூக்கும் லாபர்னத்தின் மேல் ஊதாப் பூச் சைட்டிசஸை ஒட்டப் போய், மஞ்சள், ஊதா, இரண்டுக்கும் இடைப்பட்ட மங்கல் நிறம் என மூவகைக் கொத்தும் ஒரே மரத்தில் பூக்கும் விந்தை கிடைத்தது. 1868இல் வெளியிட்ட நூலில் டார்வின் இதை விரிவாகவே ஆராய்ந்தார். மகரந்தமும் சூலும் சேராமலே இரு இனங்கள் கலக்க முடியும் என்பதற்கு இது சான்றாகலாம் என்ற நினைப்பு அவருக்கு இருந்தது. அன்று கையிலிருந்த அறிவைக் கொண்டு பார்த்தால் அது பொருந்தாத நினைப்பு அல்ல.

முடிச்சை அவிழ்த்தவர்கள் இரு ஜெர்மானியர்கள். ஹான்ஸ் விங்க்லர் தக்காளியையும் மணத்தக்காளி இனத்துச் செடியையும் ஒட்டி, ஒட்டிய இடத்திலேயே வெட்டி, வெட்டுவாயிலிருந்து துளிர்க்க விட்டார். 1907இல் ஒரு பக்கம் தக்காளியும் மறு பக்கம் மணத்தக்காளியுமாக ஒரு தளிர் வந்தது. கிரேக்கக் கதையில் சிங்கமும் ஆடும் பாம்பும் சேர்ந்த விலங்கின் பெயரான 'கைமீரா'வை அதற்குச் சூட்டினார். நம் கோயில் தூண் யாளிக்கு அது தூரத்து உறவு. அடுத்து இடைப்பட்ட உருவத்திலும் தளிர்கள் கிடைக்க, உண்மையான கலப்பே கிடைத்துவிட்டது என்று நம்பினார். அதை மறுத்தவர் எர்வின் பவுர். வெள்ளை ஓரமுள்ள பெலார்கோனியத்தை ஆராய்ந்து 1909இல் அவர் சொன்ன விளக்கம் இது: செடியின் வளர்நுனி அடுக்கடுக்கான செல்களால் ஆனது, மேலடுக்கு ஓர் இனமாகவும் உள்ளடுக்கு வேறோர் இனமாகவும் இருந்தால், அந்த நுனியிலிருந்து வளரும் இலை, பூ, பழம் எல்லாமே கொழுக்கட்டை போல வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக அமையும். குரோமோசோம் கணக்கும் இதற்கே ஒத்துவந்தது. தக்காளிச் செல்லில் 24, மற்றதில் 72. இரண்டும் கலந்த செல்லென்றால் அதன் கணக்கும் கலந்தே இருக்க வேண்டுமே? விங்க்லரின் செடிகளில் பெரும்பாலும் அந்தந்த அடுக்கில் அந்தந்த எண்ணிக்கைதான் தெரிந்தது.

இதை வைத்துப் பார்த்தால் ப்ரோன்வோ மரம் துலங்குகிறது. அஸ்னியேரில் ஹாத்தார்னுக்கு மேல் மெட்லரின் தோல் ஓரடுக்கு. தார்தாரியில் ஈரடுக்கு என்பது பவுர் வழிவந்த விளக்கம். அடுக்கு கூடினால் மெட்லர் சாயல் கூடுகிறது. தோல் எங்காவது விலகி உள்ளடுக்கு வெளிப்பட்டால் அந்தக் கிளை பழைய ஹாத்தார்னாகவே திரும்பிவிடும். விதை உருவாவது இரண்டாம் அடுக்கிலிருந்து. ஆகவே அதாமின் மரத்து விதையை ஊன்றினால் வெறும் லாபர்னம்தான் முளைக்கிறது.

வகைப்பாட்டுக்கு இங்கேதான் வேலை வந்தது. ஹாத்தார்னும் மெட்லரும் மகரந்தம் வழியாகவும் கலப்பதுண்டு. அந்தக் கலப்பினத்தின் ஒவ்வொரு செல்லிலும் இரு பெற்றோரும் இருப்பார்கள். அதன் பெயர் பெருக்கல் குறியுடன் × கிரட்டேமெஸ்பிலஸ். ஒட்டில் பிறந்ததோ கூட்டல் குறியுடன் + கிரட்டேகோமெஸ்பிலஸ். இரு பேரினப் பெயர்களின் கூட்டு ஒன்றே ஆனாலும் எழுத்து மாறியாக வேண்டும், ஏனெனில் மகரந்தக் கலப்பின் பெயரை ஒட்டுக் கைமீராவுக்கு வைக்கக் கூடாது என்பது விதி. ஒட்டுக் கைமீராக்களுக்கான விதிகள் தாவரங்களின் பொதுவான பெயரிடல் நெறியில் இல்லை. பயிரிடும் தாவரங்களுக்கான பன்னாட்டு நெறியில் இருக்கின்றன. என் பார்வையில் அதுவே முறை. விதையில் தொடராத ஒன்றைச் சிற்றினம் என்று சொல்வதெப்படி? அது மனிதர் குச்சி எடுத்துப் பெருக்குவதால் மட்டும் நிலைக்கும் இரகம்.

மெட்லரைத் தனிப் பேரினமாக வைக்காமல் ஹாத்தார்னின் கிரட்டேகஸ் பேரினத்திலேயே சேர்க்க வேண்டும் என்று அண்மைக்கால மரபணு ஆய்வாளர் சிலர் சொல்கிறார்கள். அதை ஏற்றால் அந்த நீண்ட கூட்டுப் பெயருக்கு வேலை போய்விடும். 'தார்தாரி' என்ற இரகப் பெயர் மட்டும் நிற்கும்.

பவுர் விளக்கிவிட்டாரே என்று உலகம் அமைதியாகிவிடவில்லை. வேர்ச்செடியின் பண்பு ஒட்டுவழி ஏறி மரபாகிவிடும் என்று சோவியத் நாட்டில் லைசென்கோ வாதாடினார், அரசும் அவர் பக்கம் நின்றது. அறிவியலுக்கு அதனால் நேர்ந்த கேடு பெரிது. 2014இல் ஜெர்மனியின் ரால்ஃப் போக் குழுவினர் இரு புகையிலை இனங்களை ஒட்டி, ஒட்டிய இடத்தில் முழு உட்கருவின் மரபுப் பொருளே ஒரு செல்லிலிருந்து மற்றதற்குப் போவதைக் காட்டினார்கள். அதிலிருந்து புதிய செடியையும் வளர்த்தார்கள். இது லைசென்கோவுக்குச் சான்றாகாது. ஒட்டுவாயில், அபூர்வமாக, சில செல்களில் நடப்பது. ஆய்வகத்தில் தேடிப் பிடித்தது. ஆனால் ஒட்டில் உண்மைக் கலப்பே நேராது என்று பாடநூலில் அடித்துச் சொல்வதையும் இனி விட வேண்டியதுதான்.

ப்ரோன்வோ மரங்கள் அந்த வகை அல்ல. அவை அடுக்கு மரங்கள். இதைப் படிக்கும் தோட்டக்கலை மாணவர்கள் எந்தத் தாவரவியல் பூங்காவிலாவது தார்தாரியைப் பார்க்க நேர்ந்தால் பெயர்ப்பலகையைக் கவனியுங்கள். அதில் பெருக்கல் குறி இருந்தால் கூட்டல் குறியாக மாற்றச் சொல்லுங்கள்.