இடம் போதாதபோது யாரை வெளியேற்றுவது?

சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தி, கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பத்தைக் கடைசி நாளன்று கைப்பேசியில் நிரப்பிக்கொண்டிருந்தாள். சான்றிதழைப் படம் பிடிக்கக் காமிராவைத் திறந்தாள். திரும்பி வந்து பார்த்தால் படிவம் வெறுமையாக இருந்தது! “நான் எதையும் மூடவில்லையே சார், யார் அழித்தது?” என்று கேட்டாள். இதற்கு விடை காண நாம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பத்தாயம் நிறைய நெல் இருந்தாலும், அடுக்களைக்கு வந்த அரிசியைத்தானே சமைக்க முடியும்? கணிப்பொறியும் அப்படியே. வேகமான சிறிய நினைவகத்துக்குள் வந்த நிரலைத்தான் அது இயக்கும். மற்றவை மெதுவான, பெரிய சேமிப்பகத்தில் காத்திருக்கும்.

பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையிலான குழு உருவாக்கிய டிஃப்ராக் கணிப்பொறி 1960இல் செயல்படத் தொடங்கியது. அதன் நினைவகம் 2,048 ‘சொற்கள்’ மட்டுமே; ஒவ்வொரு சொல்லும் 40 பிட்டுகள். இன்றைய கணக்கில் சுமார் 10 கிலோபைட்! நிரலை அதற்குள் அடக்குவது எழுதுபவரின் பொறுப்பு.

இந்தச் சுமையைப் பொறியிடமே ஒப்படைத்தவர்கள் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் டாம் கில்பர்ன் குழுவினர். 1962 டிசம்பரில் தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணிப்பொறியில் நினைவகம் 16,384 சொற்கள். காந்த உருளையில் 98,304 சொற்கள். இரண்டையும் 512 சொற்கள் கொண்ட ‘பக்கங்களாக’ப் பிரித்தனர். தேவையான பக்கம் நினைவகத்தில் இல்லையென்றால் பொறி தானே அதை உருளையிலிருந்து கொண்டுவரும். அதற்கு இடம் தர, நெடுநேரம் தேவைப்படாது என்று தோன்றும் பக்கத்தை வெளியே அனுப்பும். நிரல் எழுதுபவருக்கோ எல்லாம் ஒரே பெரிய நினைவகமாகத் தெரிந்தது. இதுவே மெய்நிகர் நினைவகத்தின் தொடக்கம்.

ஆனால் ஒரு சிக்கல் எழுந்தது. நினைவகத்தில் 32 பக்கங்களுக்கு இடம் உண்டு என்று கொள்வோம். எட்டுப் பக்கங்கள் தேவைப்படும் நான்கு நிரல்கள் அதில் நன்றாக ஓடும். ஐந்தாவதையும் ஏற்றினால்? ஒன்று தன் பக்கத்தைக் கொண்டுவர மற்றொன்றின் பக்கத்தை வெளியேற்றும். அடுத்த நொடியே அது தன் பக்கத்தைத் திரும்பக் கேட்கும். உருளையோ நினைவகத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மெதுவானது. ஆகவே எல்லா நிரல்களும் காத்திருக்கும். கணக்கிடும் பகுதி சும்மா இருக்கும்.

1968இல் அமெரிக்காவின் பீட்டர் டென்னிங் இதற்கு வழி சொன்னார். ஒவ்வொரு நிரலும் அண்மையில் பயன்படுத்திய பக்கங்களைக் கணக்கெடுங்கள். அவை முழுவதற்கும் இடமுள்ள நிரல்களை மட்டும் ஓடவிடுங்கள். மற்றவற்றை நிறுத்திவையுங்கள் என்றார். நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு இது புதிதன்று. அணையில் நீர் குறைந்தால் எல்லாக் கால்வாய்களையும் ஒன்றாகத் திறப்பதில்லை. முறை வைத்துத் திறந்தால்தான் கடைவரம்பு வரை நீர் எட்டும்.

நிறுத்திவைத்தும் போதாவிட்டால்? 1991இல் பிறந்த லினக்ஸ் இயங்குதளத்தில் அதற்கும் ஓர் ஏற்பாடு உண்டு. முற்றிலும் இடமற்றுப்போனால், ஓடும் நிரல்களுக்கு மதிப்பெண் போடும். பெரும்பாலும் மிகுதியான நினைவகத்தைப் பிடித்திருக்கும் நிரல் பலியாகும். லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வேறொரு கணக்கும் சேரும்: கண்ணுக்கு முன் இல்லாத செயலி முதலில் போகும்.

இப்போது விடை தெரிகிறதல்லவா? காமிராவுக்கு நிறைய இடம் தேவைப்பட்டது. படிவமோ திரைக்குப் பின்னால் இருந்தது. அதில் ஓர் ஏழை மாணவியின் படிப்புச் செலவு அடங்கியிருந்தது என்பதை இயங்குதளம் அறியாது; எது முன்னால், எது பின்னால் என்பதே அதற்குத் தெரியும்.

அவள் மறுபடி உட்கார்ந்தாள். சான்றிதழ்களை முதலில் படம் எடுத்துவைத்துக்கொண்டு, பிறகு படிவத்தைத் திறந்தாள். நள்ளிரவுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. நீங்களும் அந்த வரிசையிலேயே செய்யுங்கள்.