அணி முதலில் பிறந்தது

'சாரணர்' என்ற சொல் தமிழுக்குப் புதிய வரவு அன்று. சிலப்பதிகாரத்தில், புகாரை விட்டு மதுரைக்கு நடக்கும் கோவலனும் கண்ணகியும், உடன் வரும் கவுந்தியடிகளும் வழியில் சாரணரைக் கண்டு வணங்குகிறார்கள். ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் திரிந்து அறம் உரைத்த சமண முனிவர்களை அந்தச் சொல் அன்று குறித்தது. நாட்டு நடப்பை உலவி அறிந்து வரும் ஒற்றர்களுக்கும் அதே பெயர் வழங்கியது. 'ஸ்கவுட்' என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடியவர்கள் இதைக் கண்டெடுத்தது நம் நற்பேறு.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு அந்தச் சொல்லோடு இன்னும் நெருங்கிய உறவு உண்டு. சித்தன்னவாசல் குன்றில் ஏழடிப்பட்டம் என்ற குகைக்குள் சமண முனிவர்கள் படுத்த 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. பாறையில் வெட்டிய குழிகளில் கால் பதித்துச் செல்வதால்தான் அந்தக் குகைக்கு அப்படி ஒரு பெயர். இன்று அந்த விளிம்பில் இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். கம்பி விழாமல் காக்கும். கால் பதிக்க வேண்டியவர் ஏறுகிறவர்தான். சாரணர் படையில் பெரியவர்களின் இடம் எது என்று யோசிக்கும்போதெல்லாம் அந்தக் கம்பிதான் என் நினைவுக்கு வருகிறது.

பாரத சாரண சாரணியர் இயக்கம் 1950 நவம்பர் 7 அன்று உருவானது. அதன் வைர விழாப் பெருந்திரளணி 2025 ஜனவரி இறுதியில், நம் விராலிமலைக்குப் பக்கத்து ஊரான மணப்பாறையில் நடந்தது. நாடெங்குமிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கூடிய அந்தக் கூடாரநகரை அமைக்கப் பெரியவர்கள் வேண்டும். நிலம், குடிநீர், கழிப்பறை, மருத்துவம் எதையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஏற்பாடு செய்ய முடியாது. ஆனால் இயக்கத்தின் உயிர் பெருந்திரளணியில் இல்லை. ஒரு பள்ளி மைதானத்து வேப்பமர நிழலில் ஆறேழு பேர் வட்டமாக நிற்கும் அணியில் இருக்கிறது. அந்த வட்டத்துக்குள் முடிவெடுப்பவர் யார் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஆசிரியரைத் தேடிப் போன சிறுவர்கள்

தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் நகரம் 1899–1900இல் 217 நாட்கள் முற்றுகையில் கிடந்தது. அங்கே படைத்தலைவராக இருந்தவர், பின்னாளில் சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல். ஆட்கள் போதாத நிலையில் நகரத்துச் சிறுவர்கள் கடிதம் சுமந்தார்கள்; முதலில் கழுதைமேல், பிறகு சைக்கிளில். குண்டு விழும் தெருவில் சைக்கிள் மிதித்த பிள்ளைகளைப் பார்த்த அனுபவம் அவரை விடவில்லை. பொறுப்பைக் கொடுத்தால் பிள்ளை அதற்கேற்ப வளர்ந்துவிடுகிறான் என்பதை அங்கே கண்டார். 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் சுமார் 20 சிறுவர்களை வைத்து அதைச் சோதித்தார். வசதியான பள்ளிகளில் படித்தவர்களும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் கலந்த கூட்டம் அது. ஓநாய், காளை, அண்டங்காக்கை, உள்ளான் என நான்கு அணிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறுவனே தலைவன். தன் அணியின் நடத்தைக்கு அவனே முழுப் பொறுப்பு.

அடுத்து நடந்ததை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். 1908இல் அவருடைய 'ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்' சிறு பகுதிகளாக வெளிவந்தது. அதைக் காசு கொடுத்து வாங்கிப் படித்த சிறுவர்கள் அங்கங்கே தாங்களாகவே அணி சேர்ந்தார்கள். அதன்பின் தங்களுக்கு வழிகாட்ட ஒரு பெரியவரைத் தேடிப் போனார்கள். அதாவது அணி முதலில் பிறந்தது. சாரண ஆசிரியர் பின்னால் வந்தார். சாரணியர் கதையும் அதுவே. 1909 செப்டம்பரில் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த அணிவகுப்புக்கு, யாரும் அழைக்காமலே சில சிறுமிகள் வந்து நின்று தாங்களும் சாரணர் என்றார்கள். அடுத்த ஆண்டே அவர்களுக்கென ஓர் அமைப்பு தோன்றியது.

அணிமுறையை விரித்து நூலாக எழுதியவர் ரோலண்ட் பிலிப்ஸ் என்ற இளைஞர். 1914இல் அந்த நூல் வந்தது. 1916இல் சோம் போர்க்களத்தில் அவர் இறந்தார். அணிமுறை என்பது சாரணப் பயிற்சியின் பல வழிகளுள் ஒன்று அன்று, அதுவே வழி என்பது இயக்கத்தின் முன்னோர் கொண்டிருந்த உறுதி.

"இன்னும் பக்குவம் வரவில்லை"

இந்தியாவில் 1909இல் தொடங்கிய முதல் படைகள் ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியச் சிறுவர்களுக்கானவை. நம் பிள்ளைகளுக்கு இடமில்லை. அவர்கள் கையில் கழியும் கட்டுக்கோப்பும் போய்ச் சேர்வதை ஆட்சியாளர்கள் விரும்பவில்லை. அதனால்தான் 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேலின் துணையோடு இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார். வடக்கே மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு போன்றோர் சேவா சமிதிச் சாரணர் அமைப்பை வளர்த்தார்கள். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது அன்னி பெசன்டின் அமைப்பு தாய் இயக்கத்தோடு இணைந்தது.

இதை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. இந்தியர்களுக்குத் தன்னாட்சி கேட்டபோதெல்லாம் ஆட்சியாளர்கள் சொன்ன பதில், இன்னும் பக்குவம் வரவில்லை என்பதே. ஆண்டு பழகாமல் ஆளும் பக்குவம் எப்படி வரும் என்று நம் தலைவர்கள் திருப்பிக் கேட்டார்கள். இன்று அணித்தலைவனைப் பார்த்து நாம் அதே வாக்கியத்தைச் சொல்கிறோம். அவனுக்காக அந்தக் கேள்வியைக் கேட்பவர்தான் இல்லை.

புதுக்கோட்டை வரலாற்றிலும் இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. ராஜகோபாலத் தொண்டைமான் 1928இல் அரியணை ஏறியபோது அவருக்கு வயது ஆறு. பட்டம் பிள்ளையிடம் இருந்தது; ஆட்சியைப் பெரியவர்கள் நடத்தினார்கள். முழு அதிகாரம் அவர் கைக்கு 1944இல்தான் வந்தது. நான்கே ஆண்டுகளில், 1948 மார்ச் 3 அன்று, சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. ஒரு நாட்டின் கருவூலத்தையும் நீதியையும் ஆறு வயதுப் பிள்ளையிடம் விட முடியாது. அங்கே அந்த ஏற்பாடு சரிதான். ஆனால் சட்டையில் அணித்தலைவர் பட்டையும், வாயில் "சார் சொன்னாங்க" என்ற ஒரே வார்த்தையுமாக நிற்கும் பிள்ளையைப் பார்க்கும்போது அந்த ஏற்பாடு நம் படைகளில் இன்னும் தொடர்வது தெரிகிறது. ஓர் அணியின் உலைப்பானைக்கு ஆட்சிக்குழு தேவையில்லை.

வகுப்பறையும் வட்டமும்

இந்தத் தவறு கெட்ட எண்ணத்தால் வருவதன்று. நம் மாவட்டத்தில் பெரும்பாலான படைகள் பள்ளியைச் சார்ந்தவை. காலையில் கணக்கு நடத்தி, விடைத்தாள் திருத்தி, ஒழுங்கு காத்த அதே ஆசிரியர், மாலையில் ஸ்கார்ஃப் அணிந்து சாரண ஆசிரியர் ஆகிறார். உடை மாறினாலும் உறவு மாறுவதில்லை. பிள்ளைக்கு அவர் எப்போதும் 'சார்'தான். வகுப்பில் கேள்வி கேட்பவர் ஆசிரியர், பதில் சொல்பவர் மாணவர். படையிலும் அதே பழக்கம் தொடர்கிறது. போதாக்குறைக்கு மதிப்பெண் அதிகம் வாங்குபவரே அணித்தலைவர் ஆகிறார். அணியைக் கூட்டிச் செல்லத் தெரிந்த, அடுப்பு மூட்டத் தெரிந்த, அழுகிற இளையவனைத் தேற்றத் தெரிந்த பிள்ளை கடைசி வரிசையில் நிற்கிறான்.

விருதுகளும் அவசரத்தைக் கூட்டுகின்றன. திருதிய சோபான், ராஜ்ய புரஸ்கார் தேர்வு முகாம்கள் நெருங்கும்போது எத்தனை பேர் தேறினார்கள் என்ற எண்ணிக்கை பள்ளியின் பெருமை ஆகிவிடுகிறது. முடிச்சை ஆசிரியரே போட்டுக் காட்டுகிறார், ஆசிரியரே சரிசெய்கிறார், நாட்குறிப்பை ஆசிரியர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். பள்ளி விழாக்களில் விருந்தினரை வரவேற்க நிறுத்தி வைப்பதும், திருவிழாக் கூட்டத்தை ஒழுங்கு செய்ய அனுப்புவதும் சேவைதான். ஆனால் எங்கே நிற்பது, எப்படிப் பிரிந்து வேலை செய்வது என்பதை அணியே முடிவு செய்யாதவரை, அது பிள்ளைகளின் கைகால்களை மட்டும் பயன்படுத்துவதாகும்.

இயக்கத்தின் விதிகள் இதற்கு மாற்று வழியைத் தெளிவாகவே வைத்திருக்கின்றன. அணி தனக்குள் கூடிப் பேச அணி மன்றம் உண்டு. அணித்தலைவர்கள் கூடும் கோர்ட் ஆஃப் ஆனர் என்ற அவை, படையின் உள்விவகாரம், ஒழுங்கு, பணச் செலவு ஆகியவற்றைத் தீர்மானிக்கும். ஆசிரியர் அங்கே ஆலோசகர். பல படைகளில் இந்த அவை பதிவேட்டில் மட்டும் கூடுகிறது. அதை உண்மையாகக் கூட்டுவதே முதல் சீர்திருத்தம்.

எந்தத் தவறு யாருடையது

அப்படியானால் எல்லாவற்றையும் பிள்ளைகளிடம் விட்டுவிடலாமா? முடியாது. 2023 பிப்ரவரியில், விளையாட்டுப் போட்டிக்குப் போன விராலிமலைப் பகுதிப் பள்ளிச் சிறுமிகள் நால்வர் மாயனூரில் காவிரி நீரில் மூழ்கி இறந்தார்கள். இந்த மாவட்டத்தில் பிள்ளைகளை வெளியூர் அழைத்துச் செல்லும் எவரும் அந்த நால்வரை மறந்து ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது. 1912இல் இங்கிலாந்தின் லேஸ்டவுன் கரைக்கு அருகே படகு கவிழ்ந்து ஒன்பது சிறுவர்கள் இறந்தார்கள்; அந்தப் படகில் பெரியவர்களும் இருந்தார்கள். நீரும் காற்றும் யாருடைய தலைமையையும் மதிப்பதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரியவர் இருப்பதாலேயே பிள்ளைகள் பத்திரம் என்று ஆகிவிடாது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் என்.சி.சி. பெயரால் நடந்த போலி முகாமில் மாணவிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமை அதைக் காட்டியது. முகாம் நடத்துபவர் யார், அனுமதி யார் கொடுத்தார், இரவில் சிறுமிகளோடு எந்தப் பெண் ஆசிரியர் இருக்கிறார் என்ற கேள்விகளைப் பெற்றோர் தயங்காமல் கேட்க வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது என்ற விதியை நல்லவர்களே முதலில் கடைப்பிடிக்க வேண்டும். பயமின்றிக் கேள்வி கேட்கவும், மறுத்துப் பேசவும் பழகிய பிள்ளையைக் கெட்டவர்கள் எளிதில் அணுக முடியாது. எனவே தலைமைப் பயிற்சியே ஒரு பாதுகாப்பும் ஆகிறது.

இவற்றை எல்லாம் எண்ணிப் பார்த்து நான் வந்து சேர்ந்த அளவுகோல் ஒன்றே. திருத்திக்கொள்ளக் கூடிய தவறு பிள்ளைகளுடையது; திருத்த முடியாத தவறைத் தடுப்பது பெரியவர்களுடையது.

சோறு குழைந்தால் அடுத்த வேளை சரியாகும். நார்த்தாமலைக்குப் புறப்பட்ட அணி பாதை மாறி இரண்டு மைல் கூட நடந்தால் அடுத்த முறை வரைபடத்தை நன்றாகப் பார்க்கும். கூடாரக் கயிற்றை இளக்கமாகக் கட்டியவர்களுக்கு நள்ளிரவுக் காற்றே ஆசிரியர். பாசறைத் தீயின்போது நாடகம் சொதப்பினால் சிரித்துவிட்டுப் போகலாம். இந்த இடங்களில் ஆசிரியர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கப் பழக வேண்டும். ஆனால் கண்மாய்க் கரை, மொட்டைக் கிணறு, மணமேல்குடிக் கடல், சாலையைக் கடக்கும் இடம், பாம்புக்கடி, காய்ச்சல், ஒருவனை மற்றவர்கள் சேர்ந்து துன்புறுத்துவது ஆகியவற்றில் அவர் ஒரு நொடியும் தயங்கக் கூடாது. எந்த வேளையில் குறுக்கிடுவார் என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவைத்தால், மற்ற வேளைகளில் அவருடைய மௌனத்தை அவர்கள் நம்பிக்கை என்று புரிந்துகொள்வார்கள்.

முழு வேலையைக் கொடுப்பது

திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. ஆளை ஆராய்ந்து தேர்ந்தபின் வேலையை அவனிடமே விட்டுவிட வேண்டும் என்பது அதில் வள்ளுவர் கருத்து. நாமோ வேலையைத் துண்டு போட்டுக் கொடுக்கிறோம். "வெங்காயம் உரி" என்பது ஏவல். "மதியச் சாப்பாடு உங்கள் அணியுடையது, எட்டுப் பேர், இவ்வளவு பணம்" என்பது பொறுப்பு. இரண்டாவதில் என்ன சமைப்பது, சந்தையில் எதை வாங்குவது, யாருக்கு எந்த வேலை, மீதிக் காசுக்கு என்ன கணக்கு என்று நாலைந்து முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. அந்த முடிவுகளில்தான் பிள்ளை வளர்கிறான்.

அதற்கு முன் ஆசிரியர் அணித்தலைவர்களைத் தனியே அழைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவர்கள் போய்த் தங்கள் அணிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆசிரியரின் உழைப்பு இதனால் குறைவதில்லை. முப்பது பேரை நேரடியாக ஏவுவதைவிட, நான்கு பேரைத் தலைவர்களாக ஆக்குவது கடினம். தலைவர் தவறியபோது அணியின் முன் கண்டிக்காமல், பிறகு தனியே அழைத்து "அடுத்த தடவை என்ன செய்வே?" என்று கேட்பது அதைவிடக் கடினம்.

இந்த முறை இங்கே வேரூன்றுமா என்று ஐயப்பட நமக்கு உரிமையில்லை. 1991–92இல் ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது அறிவொளி எழுத்தறிவு இயக்கம் இந்த மண்ணில்தான் நடந்தது. திட்டம், பாடநூல், பயிற்சி ஆகியவற்றைப் பெரியவர்களும் அலுவலர்களும் பார்த்துக்கொண்டார்கள். இரவில் அரிக்கேன் விளக்கோடு தெருத் திண்ணையில் உட்கார்ந்து கற்பித்தவர்களில் பெருந்தொகையினர் இளைஞர்களும் பெண்களும். ஒரு தொண்டருக்குப் பத்துப் பேர் அளவிலான சிறு குழுக்கள். அதுவும் ஓர் அணிமுறைதான். அந்த இயக்கத்தின் கூடவே ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். மாஃபெகிங் சிறுவர்களின் சைக்கிளும் நம் பெண்களின் சைக்கிளும் சொல்வது ஒன்றே: நம்பிக் கொடுத்தவர்கள் ஏமாறவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பகுதித் தென்னையையும் பலாவையும் சாய்த்தபோது, உத்தரவுக்குக் காத்திராமல் அரிவாளோடு சாலையில் இறங்கிய இளைஞர்களும் அதையே சொன்னார்கள்.

சாரணர் சிறப்பு மலர்களின் முதற்பக்கங்களில் பெரியோர்களின் வாழ்த்துரைகள் இடம்பெறுவது நம் மரபு; அது தொடரட்டும். அடுத்து வரும் மலரில் ஓர் அணியின் லாக் புத்தகத்திலிருந்து சில பக்கங்களையும் சேர்க்க வேண்டுகிறேன். வழி தவறிய கதை, கருகிய சோறு, அணி மன்றத்தில் நடந்த வாக்குவாதம், அடுத்த முகாமுக்கு அவர்கள் எடுத்த முடிவு ஆகியவை அவர்கள் கையெழுத்திலேயே இருக்கட்டும். ஆசிரியரின் சிவப்பு மை படாத அந்தப் பக்கங்களே, நம் படைகளில் ஏறுகிறவர் யார், கம்பி எது என்பதற்குச் சான்றாக இருக்கும்.