மைசூர் அரண்மனையின் பாண்டு வாத்தியம்

நமது சங்கீத சரித்திரம் பெரும்பாலும் தனி மனிதர்களின் சரித்திரமாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. வாக்கேயக்காரர், பாடகர், வீணை வித்துவான், நாகசுர வித்துவான் என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிப் போற்றுகிறோம். பலர் ஒன்றுகூடி வாசித்த குழுக்களைப் பற்றி நாம் அறிந்திருப்பதோ மிகக் குறைவு. அவ்வாறு கவனிப்பாரற்றுப் போன குழுக்களுள் குறிப்பிடத்தக்கது மைசூர் அரண்மனையின் பாண்டு வாத்தியக் குழு. மேனாட்டு இசையையும் கருநாடக இசையையும் ஒரே கூரையின்கீழ்ப் பயின்ற அக்குழு, பிற்காலத்தார் புதுமை என்று கொண்டாடிய ஒரு முயற்சியில் அவர்களுக்கு வெகுகாலம் முன்னரே இறங்கியிருந்தது.

இதைக் குறித்துக் கோலார் தங்கவயல் தமிழர் அறிந்துகொள்ளத் தனிக் காரணம் ஒன்று உண்டு. 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கத் தொழிலை ஏற்றது முதல், வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்கள் மாரிக்குப்பத்திற்கும் சாம்பியன் ரீஃபுக்கும் சென்று குடியேறினர். சுரங்கம் அமைந்த பூமி மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. வெட்டி எடுத்த தங்கத்திற்காகக் கம்பெனிகள் செலுத்திய ராயல்டித் தொகை சமஸ்தானத்தின் வருவாயில் கணிசமான ஒரு பகுதியாக இருந்தது. காவேரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் மின்சாரம் எடுக்கப்பட்டு, 1902-இல் முதன்முதலாகச் சென்றடைந்ததும் அந்தச் சுரங்கங்களையே. செல்வமிக்க சமஸ்தானமாக இருந்ததனால்தான் மைசூர் கலைகளைத் தாராளமாகப் பேண முடிந்தது. அரண்மனை மண்டபத்தில் ஒலித்த இன்னிசைக்குப் பின்னால், பூமிக்கடியில் வெந்து உழைத்த தொழிலாளியின் வியர்வையும் இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

மேனாட்டுப் பாண்டு வாத்தியம் தென்னாட்டுக்குப் பட்டாளங்களோடு வந்தது. சென்னைக் கோட்டையில் ஒலித்த ஆங்கில மெட்டுகள் நம்மவர் செவியில் விழ நெடுங்காலம் ஆகவில்லை. 1835-இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர், அத்தகைய மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் செய்தார். நோட்டுசுர சாகித்தியங்கள் என வழங்கும் அவற்றுள் ஒன்று இங்கிலாந்தின் அரச வாழ்த்து மெட்டிலேயே அமைந்தது. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் பிடிலைக் கற்று நமது கச்சேரிக்கு உரியதாக்கினார். தஞ்சையில் 1798 முதல் 1832 வரை ஆண்ட சரபோஜி மன்னரும் அரண்மனையில் மேனாட்டு இசைக் குழு ஒன்றைப் பேணினார். 1855-இல் அவ்வரச மரபு முடிவுற்றபின், வித்துவான்களை ஆதரித்த சமஸ்தானங்களுள் மைசூர் முன்வரிசையில் நின்றது.

மைசூரில் பத்தாம் சாமராஜ உடையார் காலத்தில் தழைத்த கலையார்வம், அவருடைய மைந்தர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் உச்சத்தை அடைந்தது. 1902 முதல் 1940 வரை நேரே ஆட்சி நடத்திய இம்மன்னர் வீணை, பிடில், புல்லாங்குழல், மிருதங்கம், நாகசுரம் ஆகியவற்றோடு பியானோவும் சாக்ஸபோனும் வாசிக்கக் கற்றவர். அவருடைய அரண்மனையில் ஆங்கில வாத்தியக் குழு ஒன்றும், கருநாடக வாத்தியக் குழு மற்றொன்றும் இருந்தன. ஆட்டோ ஷ்மிட் என்ற ஜெர்மானியர் மேனாட்டு இசைப் பயிற்சியை மேற்பார்த்தார். தசராக் காலத்துத் தர்பாரில் இக்குழுக்களின் இசை இன்றியமையாத ஓர் அங்கமாயிற்று.

ஆஸ்தான வித்துவான்களும் இப்புதிய ஒலிக்குச் செவியை அடைத்துக்கொள்ளவில்லை. 1926-இல் மறைந்த வீணை சேஷண்ணா, வீணையில் ஒப்பற்றவராக விளங்கியதோடு பியானோவும் வாசித்தவர். அவருடைய சீடர் வீணை வேங்கடகிரியப்பா, நக்மா என்னும் உருப்படிகளை இயற்றினார். இந்துஸ்தானி மரபிலிருந்து பெயரைப் பெற்ற அவை, சாகித்தியத்தின் துணையின்றிக் கருவிகளுக்கென்றே அமைந்தவை. நம் நெல்லைச் சீமையைச் சேர்ந்த ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மைசூர் ஆஸ்தான வித்துவானாக இருந்து, சாமுண்டேசுவரி மீது நூற்றெட்டுக் கீர்த்தனைகளைக் கன்னடத்தில் பாடினார். மதுரை மணி ஐயர் தம் கச்சேரிகளில் பாடிப் பிரபலமாக்கிய 'இங்கிலீஷ் நோட்' இப்பாகவதரின் ஆக்கமே. ஏழு தந்திப் பிடிலை அமைத்த சௌடையாவும் அதே ஆஸ்தானத்தை அலங்கரித்தவர். பழமையில் ஆழ ஊன்றிய வித்துவான்களே புதுமைக்கும் இடமளித்தனர் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

இரண்டு இசைகளையும் இணைப்பது எளிய காரியமன்று. மேனாட்டு இசை, ஒரே சமயத்தில் பல சுரங்கள் ஒன்றோடொன்று பொருந்தி ஒலிப்பதில் தன் அழகைக் காண்கிறது. நமது இசையோ ஒற்றை இழையாக ஓடும் ராகத்தில், சுரத்தை அசைத்தும் வளைத்தும் பிடிக்கும் கமகத்தில் உயிர் வாழ்கிறது. சங்கராபரணத்தின் சுரங்கள் மேனாட்டாரின் பெரிய சுர வரிசையோடு ஒத்துப்போகும். தீட்சிதரின் நோட்டுசுரங்கள் அந்த ராகத்தின் சுரங்களில் அமைந்ததன் பொருத்தம் இதுதான். தோடியின் காந்தாரத்தை அசையாமல் நிறுத்தி, அதன்மேல் வேறு சுரங்களை அடுக்கினால் தோடி தோடியாக இராது. கிளாரினெட்டில் ஓரளவு வளைத்து ஊதலாம். வால்வு வைத்த பித்தளைக் குழல்களில் அதுவும் அரிது.

இன்னொரு சங்கடமும் உண்டு. நிரவலும் கற்பனைச் சுரமும் அந்தக் கணத்தில் ஒருவர் மனத்தில் பிறப்பவை. பலர் கூடிய குழுவுக்கு அவற்றை எழுதிக் கொடுக்க முடியாது. எனவே சங்கதிகள் திட்டமாக அமைந்த கீர்த்தனை, தில்லானா, நோட்டுசுரம் போன்ற உருப்படிகளே இத்தகைய குழுவுக்கு ஏற்றவை. அவற்றையும் மேனாட்டுச் சுரக் குறியீட்டில் வரைந்தாக வேண்டும். 1893-இல் சின்னசாமி முதலியார் நமது கீர்த்தனைகளை ஐரோப்பியச் சுரக் குறியீட்டில் பதிப்பித்தபோது இவ்வழி தெளிவாயிற்று. எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கலாகாது என்ற இந்த ஆராய்ச்சியைப் பாண்டுக்காரர்கள் புத்தகத்தில் எழுதவில்லை. நாள்தோறும் வாசித்து அறிந்தார்கள்.

நால்வடி மன்னருக்குப்பின் 1940-இல் பட்டமேறிய ஜயசாமராஜ உடையார் இரு மரபுகளிலும் புலமை பெற்றவர். தேர்ந்த பியானோ வாசிப்பாளரான இவர், வேங்கடகிரியப்பாவிடம் வீணை பயின்று, தொண்ணூற்றுக்கு மேற்பட்ட கீர்த்தனைகளையும் இயற்றினார். ருஷ்ய நாட்டு இசைமேதை மெட்னர் முதுமையில் லண்டனில் நலிவுற்றிருந்தபோது, அவருடைய இசையை ஒலித்தட்டுகளில் பதிவு செய்யப் பொருளுதவி புரிந்தவர் இம்மன்னரே. நன்றி பாராட்டி மெட்னர் தமது மூன்றாம் பியானோ கான்செர்ட்டோவை மன்னருக்குக் காணிக்கையாக்கினார். உலகம் இதனை எழுதி வைத்தது. அதே மன்னரின் அரண்மனையில் சீருடை அணிந்து கிளாரினெட் ஊதிய நம் நாட்டுக் கலைஞரின் பெயரை எழுதி வைப்பார் இல்லை.

ஏன் இவ்வாறு மறந்தோம்? காரணங்களை ஊகித்தல் கடினமன்று. கச்சேரி மேடை மனோதர்மத்திற்கே மகுடம் சூட்டியது. எழுதி வைத்து வாசிப்பதைக் கலையாகவே அது மதிக்கவில்லை. பாண்டு வாத்தியம் என்றால் ஊர்வலத்துக்கும் கல்யாணத்துக்கும் உரியது என்ற எண்ணம் வேரூன்றியது. மேனாட்டாரோ, இதனைத் தங்கள் இசையின் நகல் என்று கருதி ஒதுக்கினர். இரு வீட்டுக்கும் உறவான பிள்ளையை இரு வீட்டாரும் தம் பிள்ளை என்று சொல்லவில்லை. சமஸ்தானங்கள் மறைந்தபோது குழுவுக்கு இருந்த நிழலும் மறைந்தது. கருநாடகக் குழு, ஆங்கிலக் குழு என்னும் மரபு இன்று மாநிலக் காவல்துறையின் பாண்டு வாத்தியத்தில் தொடர்கிறது. தசரா நாட்களில் அரண்மனைக்கு முன்னால் அதைக் கேட்கலாம்.

ஆயினும் அன்று விதைத்த எண்ணம் அழியவில்லை. மைசூரில் 1935-இல் பேராசிரியர் கோபாலசுவாமி தம் இல்லத்தில் வானொலி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அந்நிலையத்தோடு இணைந்த 'ஆகாசவாணி' என்ற பெயரையே பின்னர் அகில இந்திய வானொலி ஏற்றுக்கொண்டது. 1952-இல் டில்லியில் வாத்திய விருந்தம் என்ற தேசிய இசைக் குழுவை வானொலி நிறுவி, ரவிசங்கரையும் டி. கே. ஜயராம ஐயரையும் அதனை நடத்தச் செய்தது. இந்திய ராகங்களைப் பல கருவிகள் கூடி எவ்வாறு வாசிப்பது என்று அவர்கள் கேட்ட கேள்வி, மைசூர்க் குழு முன்னரே எதிர்கொண்ட கேள்விதான். 1970-களில் ஆங்கிலேயக் கிதார் கலைஞர் மெக்லாஃப்லின், பிடில் எல். சங்கர், கடம் விநாயக்ராம், தபலா ஜாகிர் உசேன் ஆகியோர் 'சக்தி' என்ற குழுவாக இணைந்தபோது உலகம் வியந்தது. அவ்வியப்பு நியாயமானதே, ஆனால் அப்பாதையில் முதலில் நடந்தவர்கள் அவர்கள் அல்லர்.

இனிச் செய்ய வேண்டுவது யாது? பாண்டு வாத்தியக்காரர்களின் சந்ததியார் இல்லங்களில் பழைய சுரத்தாள்கள் இருக்குமாயின், கரையான் அரிப்பதற்கு முன் அவற்றைப் பிரதி எடுக்க வேண்டும். முதியோர் நினைவில் நிற்கும் மெட்டுகளை ஒலிப்பதிவு செய்ய வேண்டும். இசைக் கல்லூரிகள் அவற்றைக் காட்சிப் பொருளாக வைக்காமல், மாணவர்களைக் கொண்டு வாசிக்கச் செய்ய வேண்டும். வாசித்துப் பார்த்தால்தான் எது வெற்றி, எது குறை என்பது புலனாகும்.

கோலார்ச் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகள் அரைத்துக் கழித்துக் கொட்டிய மண் அங்கே சயனைடு மேடுகளாகக் குவிந்து கிடக்கிறது. கழிவு என்று எண்ணிய அம்மண்ணிலும் தங்கம் எஞ்சியிருப்பதை ஆய்ந்தோர் கண்டிருக்கின்றனர். சரித்திரம் கழித்துப் போட்ட குவியலிலும் அவ்வாறே பொன் உண்டு. அதைச் சலித்தெடுக்கும் பொறுமைதான் வேண்டும்.