தனி ஆலோசகர்: ஒரு தொழிலின் வரலாறு

நிறுவனத் தலைவர்களுக்குக் குறுகிய காலம் ஆலோசனை வழங்கி விலகும் தனி ஆலோசகரின் தொழில், அமெரிக்கத் தொழிற்சாலைகளில் வேரூன்றியது. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஃபிரெடரிக் டெய்லர் 1893-இல் ஆலோசனைப் பொறியாளராகத் தனித்து இயங்கத் தொடங்கினார். 1898 முதல் 1901 வரை பெத்லகேம் எஃகு ஆலையில் வேலை முறைகளை அளந்து திருத்தினார். அவர் கவனம் பெரும்பாலும் பட்டறையில் இருந்தது.

ஆலோசனையைத் தலைமை அறைக்குக் கொண்டுசென்றவர்களில் முக்கியமானவர் வியன்னாவில் பிறந்த பீட்டர் டிரக்கர். 1943-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் அமைப்பை ஆராய அவரை அழைத்தது; ஆய்வு 1946-இல் நூலாக வெளிவந்தது. அவர் தமக்கென ஆலோசனை நிறுவனம் எதையும் கட்டவில்லை. பிற்காலத்தில் கலிபோர்னியாவின் கிளேர்மான்ட் நகரில், தம் வீட்டிலேயே தலைவர்களைச் சந்தித்தார்.

விடை சொல்வதைவிடக் கேள்வி கேட்பதே அவர் முறை. ஏற்கெனவே நடத்தாத தொழிலாக இருந்தால் இன்று அதில் இறங்குவீர்களா என்ற அவரது கேள்வி, 1981-இல் ஜெனரல் எலக்ட்ரிக் தலைவரான ஜாக் வெல்ச்சைப் பாதித்தது. தத்தம் சந்தையில் முதல் இரண்டு இடங்களுக்கு வர இயலாத பிரிவுகளைச் சீராக்கவோ விற்கவோ மூடவோ வெல்ச் துணிந்தார்.

பதவி உயர்வை எதிர்பார்க்காததால் தனி ஆலோசகரால் கசப்பான உண்மையையும் சொல்ல முடிகிறது. முடிவும் பொறுப்பும் தலைவருடையவை.